மூன்றாவது ஆள்

நான்கு குதிரைகளுக்கு ஒரு கை. நான்கு கடிவாள வார்களையும் இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஹெக்டர் அந்த வறண்ட ஓடையின் அடியில் நின்றிருந்தான். எட்டு மணிக்கு நின்றவன். கிழக்குக் கரையின் நிழல் சுருங்கிச் சுருங்கி இப்போது அவன் பூட்ஸ் இரண்டும் வெயிலில் இருந்தன, அப்படியானால் பத்தரை இருக்கும், பத்தரைக்குக் குறையாது. ஓடைக்கு மேலே ஒரு மேடு, அதற்கு அப்பால் இன்னொரு மேடு, அந்த இரண்டாவது மேட்டில் துருக்கியர்கள். அவனுடைய மூன்று பேரும் அங்கேதான் போயிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த இந்தக் குதிரைப்படை குதிரைமேல் உட்கார்ந்து சண்டை போடுவதில்லை. ஊரில் இருக்கிறவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா அனுப்பிய வாழ்த்து அட்டையில்கூட ஒருவன் வாளைச் சுழற்றிக்கொண்டு பாய்கிறான், வாளாவது ஒன்றாவது. குதிரையில் போக வேண்டும், இறங்க வேண்டும், நடக்க வேண்டும், பிறகு புழுதியில் படுத்துச் சுட வேண்டும். எல்லாரும் இறங்கிப் போய்விட்டால் குதிரைகளை யார் பார்ப்பது? அதற்குத்தான் எண்ணுவது. வரிசையில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும், அடுத்தவன் மறுபடி ஒன்றில் தொடங்க வேண்டும். ஒன்றும் இரண்டும் நான்கும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முன்னால் போவார்கள். மூன்று என்று சொன்னவன் நான்கு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பான். இன்று மூன்று என்று சொன்னவன் ஹெக்டர். சொல்லும்போது குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியம்.

ஈ. கண்ணின் ஓரத்தில் ஈ, குதிரையின் கண்ணிலிருந்து எழுந்து அவன் கண்ணுக்கு வருகிறது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது அதற்கு, ஈரம் இருந்தால் போதும். குதிரைகள் நேற்று மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை. அவனுடைய மண்நிறப் பெண்குதிரை டச்சஸ் நாக்கை வெளியே விட்டுக் கடிவாள இரும்பை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்தது பாதிரி, கறுப்பு உடம்பும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக, டூகலின் குதிரை. டூகலைப் போலவே அதுவும் பேசாத ஜென்மம். டூகல் ரயில் தண்டவாளத்தில் வேலை பார்த்தவன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு அவனுக்கு நல்ல நாள். அப்புறம் கிளெமின் குதிரை. அதற்குப் பெயரே கிடையாது, கிளெம் வைக்கவில்லை, ஏய் என்றுதான் கூப்பிடுவான், அதுவும் திரும்பிப் பார்க்கும். கடைசியில் பிஸ்கட், வில்ஃபுடைய செம்பழுப்புக் குதிரை, இந்த நான்கில் சின்னது. பிஸ்கட்டின் சேணத்தில் தொங்கும் பையில் ஒரு தகரப் பெட்டி உண்டு, பெட்டிக்குள் ஒரு புகைப்படம். வில்ஃப் கப்பலேறி ஐந்து மாதம் கழித்துப் பிறந்த பெண்குழந்தை. படத்தில் குழந்தை அசைந்துவிட்டதால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மங்கல். அந்த மங்கலைக் காட்டித்தான் வில்ஃப் எல்லாரிடமும் மூக்கு என் மூக்கு, வாய் அவளுடைய அம்மா வாய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். எல்லாரும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஹெக்டரும் சொல்லியிருக்கிறான். பையைப் பார்க்கக் கூடாது என்று ஹெக்டர் நினைத்தான், நினைத்ததும் பார்த்தான்.

எண்ணுவது அவனுக்குத் தொழில். அதுதான் வினை. பன்னிரண்டு வயதிலிருந்து கம்பளி கத்தரிக்கிற பருவத்தில் பட்டி வாசலில் நின்று ஆடு எண்ணியவன் அவன். திறந்த வாசல் வழியாக ஆடுகள் தண்ணீர் பாய்கிற மாதிரி ஓடும், ஒவ்வொன்றாக எண்ணினால் தொலைந்தோம், மூன்று மூன்றாகக் கண்ணால் அள்ள வேண்டும், நூறுக்கு ஒரு கூழாங்கல்லைப் பையிலிருந்து பைக்கு மாற்ற வேண்டும். ஆயிரத்து இருநூறு ஆட்டில் ஒன்றுகூடப் பிசகாது. பெரிய பண்ணைக்காரர்கள் எல்லாம் ஹெக்டரைக் கூப்பிடு என்று ஆள் அனுப்புவார்கள், அதில் அவனுக்குப் பெருமை இருந்தது, ஏன் இருக்கக் கூடாது. இன்று காலை வரிசை நின்றபோது அந்தக் கண்தான் அவனைக் கேட்காமல் வேலையைத் தொடங்கியது. நேற்று இரண்டு பேர் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் நேற்றைய எண்கள் செல்லாது, புதிதாக எண்ண வேண்டும். சார்ஜென்ட் வாயைத் திறப்பதற்கு முன்பே ஹெக்டரின் கண் வலது கோடியிலிருந்து மூன்று, ஆறு, ஒன்பது என்று அள்ளிக்கொண்டு வந்து, கிளெம் பதினேழு, டூகல் பதினெட்டு, வில்ஃப் பத்தொன்பது, நான் இருபது என்று முடித்துவிட்டது. பத்தொன்பது என்றால் மூன்று. இருபது என்றால் நான்கு. அதாவது வில்ஃப் இங்கே நிற்க வேண்டும், ஹெக்டர் மேட்டுக்குப் போக வேண்டும். கணக்கு முடிந்த அந்த நிமிஷத்திலேயே அவன் வாய் வில்ஃபிடம் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுடைய குதிரை உதைக்கிற குதிரை, டச்சஸ் மிரள்கிறது, நீ கொஞ்சம் நடுவில் வந்து நில்லேன். டச்சஸ் எதற்கும் மிரண்டதில்லை. கப்பலில் ஐந்து வாரம் இருட்டில் நின்று வந்த குதிரை, பீரங்கிக்கே காதை ஆட்டாது. வில்ஃப் ஒன்றும் கேட்கவில்லை. சரி வா என்று பிஸ்கட்டை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டான், அவ்வளவுதான், இரண்டு எட்டு வைக்கிற நேரம். அப்புறம் வரிசை எண்ணத் தொடங்கியது. ஹெக்டர் மூன்று என்றான். வில்ஃப் நான்கு என்றான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிஸ்கட்டின் வாரை ஹெக்டர் கையில் கொடுத்து, இவன் கடிப்பான், பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனான். பிஸ்கட் கடிக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும், வில்ஃப் தினமும் சொல்கிற வேடிக்கை அது.

கோழையா நான் என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தான். கேட்டதும் வேறு எங்கோ போய்விட்டது மனசு. கடிவாள வாரின் தோலில் வியர்வை ஊறி ஒரு வாசனை, அது நல்ல வாசனை, ஊரில் சேணம் மாட்டுகிற கொட்டகையில் இதே வாசனைதான், மழை நாளில் இன்னும் தூக்கலாக இருக்கும். மழை. மழையைப் பார்த்து எத்தனை மாதம். குதிரைப்படைக்கு ஆள் எடுத்த அன்று மழை. சந்தைத் திடலில் சேணமில்லாத குதிரைமேல் ஏற்றி வேலி தாண்டச் சொன்னார்கள், தாண்டினான், கீழே விழாமல் தாண்டினவன் அவனும் இன்னும் ஆறு பேரும்தான், கை தட்டினார்கள். அன்றைக்கு யாராவது வந்து நீ இப்படி இடம் மாறி நிற்பாய் என்று சொல்லியிருந்தால் மூக்கை உடைத்திருப்பான். நிஜமாகவே உடைத்திருப்பான். போன மாதம் வரைக்கும்கூட அவன் அப்படி இல்லை. போன மாதம் ஒரு மணல் மேட்டில் படுத்திருந்தபோது பக்கத்தில் படுத்திருந்தவன், கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், பேச்சை நடுவில் நிறுத்தினான். ஹெக்டர் அப்புறம் என்று கேட்டான். பதில் வராததால் இன்னொருதரம் அப்புறம் என்று கேட்டான். மூன்றாம் தரம் திரும்பிப் பார்த்தான். அந்த இரண்டு அப்புறமும்தான் அவனுக்குள் இன்னும் கிடக்கின்றன, செத்தவனுடைய முகம்கூட மறந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் வரிசை நிற்கும்போதெல்லாம் கண் தானாக எண்ணும். இருபது நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறான், இருபது நாளும் விழுந்த எண்ணோடு பேசாமல் போனான். இன்றைக்கு மட்டும் போகவில்லை. இன்றைக்கு என்ன அப்படி? ஒன்றுமில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினான், காலையில் தேநீரில் சர்க்கரைகூட இருந்தது. காரணம் ஏதாவது இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், காரணமே இல்லை. வில்ஃபிடம் திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்றும் யோசித்தான். இதைக் கேள், காலையில் நான் ஒரு பொய் சொன்னேன் என்று தொடங்கலாம். அதற்கு வில்ஃப் திரும்பி வர வேண்டும்.

இடது கை மரத்துப்போயிற்று. விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான். மேட்டுக்கு அப்பால் இயந்திரத் துப்பாக்கி தொடங்கியது, அவர்களுடையது, நம்முடையது இன்னும் நிதானமாகப் பேசும், இது படபடவென்று. நின்றது. மறுபடி. ஓடையில் கீழ்ப்பக்கமாக இருபது முப்பது தப்படிக்கு ஒருவனாக மற்ற மூன்றாம் ஆட்கள் ஆளுக்கு நான்கு குதிரையோடு நின்றார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. குதிரை பிடிக்கிறவனுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. துருக்கியர்களுக்குத் தெரியும், குதிரைகளைக் கொன்றுவிட்டால் இந்தப் பாலைவனத்தில் ஆள் தானே சாவான் என்று. அதனால் பீரங்கி ஓடைகளைத் தேடித் தேடி அடிக்கும், சில நாள் விமானம்கூட வரும். இதை நினைத்ததும் ஹெக்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இங்கே ஒரு குண்டு விழட்டும், விழுந்தால் நேர்மையாகிவிடும். நினைத்து முடிக்கவில்லை, தலைக்கு மேலே துணி கிழிகிற சத்தம் கேட்டு மேல்கரையில் ஒரு குண்டு விழுந்தது. மண்ணும் கல்லும் சரிந்தன. நான்கு குதிரைகளும் நான்கு திசைக்கு இழுத்தன. பாதிரி பின்னங்காலில் எழுந்தது, பிஸ்கட் சுற்றிக்கொண்டு வந்து அவன் முதுகில் மோதியது, தோள் கழன்றுவிடும்போல இருந்தது. அவன் விடவில்லை, வாரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று குதிரைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தான், இன்னொன்று விழுந்தது, இன்னும் கொஞ்சம் தள்ளி. குண்டு விழட்டும் என்று கேட்ட ஆளைக் காணோம். கரை மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு, முகத்தை டச்சஸின் கழுத்தில் புதைத்துக்கொண்டு நின்றான். உடம்புக்கு நேர்மை எல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது.

குண்டு நின்ற பிறகுதான் மேட்டுச் சத்தம் காதில் விழுந்தது. இப்போது இடைவெளியே இல்லை. நூறு துப்பாக்கிகள், அதற்கும் மேல், இயந்திரத் துப்பாக்கி மூச்சு விடாமல். மேட்டின் ஏற்றத்தில் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். வில்ஃப் எப்போதும் தலையைத் தூக்கிப் பார்ப்பான், கிளெம் ஒவ்வொருதரமும் திட்டுவான். நாற்பது வயதை நெருங்கிய ஆள் கிளெம், ஆட்டுக் கம்பளி கத்தரித்துக் கத்தரித்து முதுகு வளைந்தவன், நான்கு பேரில் தலைவன் அவன்தான், அவன் இருந்தால் வில்ஃபைப் பார்த்துக்கொள்வான், கிளெமுக்கு ஒன்றும் ஆகாது, கிளெமுக்கு எதுவும் ஆனதில்லை. வில்ஃபுக்குத்தான். அந்த இடத்தில் படுத்திருக்க வேண்டியது நான், அங்கே வருகிற தோட்டா என்னுடையது, என் பெயரில் புறப்பட்டு அவன்மேல் போய் விழப்போகிறது. அந்தக் குழந்தை முகமே இல்லாமல் அந்தப் படத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஹெக்டர் சர்ச்சுக்குப் போகிற ஆள் இல்லை, அம்மா இழுத்துக்கொண்டு போனால் பின்வரிசையில் தூங்குவான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முதலில் மரியாதையாக வில்ஃபைக் காப்பாற்று என்று கேட்டான். சத்தம் குறையவில்லை. பிறகு பேரம் பேசினான், இனிமேல் எண்ண மாட்டேன், நாளையிலிருந்து தினமும் முன்னால் போகிறேன். சத்தம் குறையவில்லை. பிறகு கேட்டதுதான் உள்ளிருந்து வந்தது, உதடு அசைந்தது அவனுக்கே தெரிந்தது. யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், வில்ஃபை விட்டுவிடு. யாரை வேண்டுமானாலும். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தான். பிஸ்கட் அவன் சட்டைக் கையிலிருந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் சிதறியது, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தது. இரண்டு பேர் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கரையில் சறுக்கி இறங்கி ஓடையோடு வந்தார்கள். படுத்திருந்தவனின் முகத்தில் வெயிலுக்காகத் தொப்பியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஹெக்டர் காலைப் பார்த்தான். வில்ஃபின் இடது கால் தோலுறையில் மேல் வார் அறுந்து ஒரு மாதமாகிறது, மாவு மூட்டைக் கயிற்றால் கட்டியிருப்பான். இந்தக் காலில் கயிறு இல்லை. இரண்டு வாரும் இருந்தன, பித்தளைக் கொக்கியோடு. கயிறு இல்லை, கயிறு இல்லை. அவர்கள் பத்தடி தூரத்தில் கடந்து போனார்கள், படுத்திருந்தவன் கை ஒன்று கீழே தொங்கிக்கொண்டு ஆடியது, முன்னால் தூக்குகிறவன் தண்ணீர் இருக்கா என்று கேட்டமாதிரி இருந்தது. ஹெக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருந்தது அவனுக்கு, மறைப்பானேன். யாரென்று கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் ஓடையின் வளைவில் திரும்பி மறைந்தார்கள். சிறிது நேரம் கழித்து அதே இரண்டு பேர் காலி ஸ்ட்ரெச்சரை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி மேட்டுக்கு ஏறிப் போனார்கள். ஹெக்டரின் இடுப்பிலிருந்த தண்ணீர்ப் புட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. திறந்து ஒரு வாய் குடித்தான். துணியை நனைத்து பிஸ்கட்டின் மூக்கைத் துடைத்துவிட்டான், பிறகு மற்ற மூன்றுக்கும்.

மேட்டு விளிம்பில் ஒருவன் நின்று தொப்பியைத் தலைக்கு மேல் சுழற்றினான். குதிரைகளைக் கொண்டு வா என்று அர்த்தம். ஓடையில் இருந்த மூன்றாம் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அசைந்தார்கள். ஹெக்டர் டச்சஸ்மேல் ஏறி மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு கரையேறினான். மேட்டுக்கு இந்தப் பக்கச் சரிவில் ஆட்கள் இரண்டும் மூன்றுமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், முகமெல்லாம் ஒரே புழுதி நிறம், யார் யாரென்று தெரியாது. கண் எண்ணத் தொடங்கியது, அதை நிறுத்த முடியவில்லை. பிறகு ஒரு காலில் கயிற்றைப் பார்த்தான். வில்ஃப் நடந்து வந்துகொண்டிருந்தான், சொந்தக் காலில், இரண்டு கையும் இருந்தன, தலை இருந்தது. பக்கத்தில் டூகல். ஹெக்டர் குதிரையிலிருந்து குதித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல், சின்னப் பையன் மாதிரி வாய்விட்டுச் சிரித்தான். வில்ஃபின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். வில்ஃப் சிரிக்கவில்லை. டூகல் பாதிரியின் வாரை வாங்கிக்கொண்டு ஹெக்டரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“கிளெம் போயிட்டான்டா,” என்றான்.

ஹெக்டரின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“உன் எதிர்லதானே தூக்கிட்டுப் போனாங்க,” என்றான் டூகல். “வயித்துல பட்டுது. இங்கருந்து போறப்ப உயிர் இருந்துச்சு, தண்ணி கேட்டுட்டே போனான். வளைவு திரும்பறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம். தூக்கினவனே திரும்பி வந்து சொன்னான். நீ பாக்கலயா?”

பார்க்கவில்லை என்று ஹெக்டர் சொன்னான். காலைப் பார்த்ததைச் சொல்லவில்லை. டூகல் தலையை ஆட்டிவிட்டு அங்கவடியில் காலை வைத்து ஏறிக்கொண்டான், அவனுடைய ஒரு நாள் பேச்சும் அத்தோடு தீர்ந்துவிட்டது. பெயரில்லாத குதிரை சேணத்தோடு நின்றது. ஹெக்டரின் கையில் இப்போது இரண்டு வார்கள் இருந்தன, அவனுடையதும் அதனுடையதும். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு நான்கு மணி நேரப் பயணம் என்று சார்ஜென்ட் சொல்லிக்கொண்டு போனார். வரிசை மெல்ல நகர்ந்தது. வில்ஃப் பிஸ்கட்மேல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். ஒரு மைல் போயிருப்பார்கள். கிளெமின் குதிரை ஆள் இல்லாததால் இலேசாக நடந்தது, அவ்வப்போது முந்திக்கொண்டு போகப் பார்த்தது, ஹெக்டர் ஏய் என்று இழுத்தான், அது திரும்பிப் பார்த்தது. அதற்குமேல் அவனால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை.

“வில்ஃப். காலைல நான் சொன்னது பொய். டச்சஸ் மிரளல. நான் எண்ணிப் பாத்தேன். நீதான் மூணு. உன்ன ஏமாத்தி அந்த இடத்துல நான் நின்னுட்டேன்.”

வில்ஃப் உதட்டிலிருந்த புழுதியைத் துப்பினான்.

“தெரியும்டா,” என்றான். “உனக்கு ஆடு எண்ணுற கண்ணு, எனக்குத் தெரியாதா? போன வாரம் கோதுமை வயல்கிட்ட டூகல் என்னை மாத்திவிட்டான். அதுக்கு முந்தின வாரம் நான் அவனை மாத்தினேன். பூட்ஸ்ல கல்லுன்னு சொல்லி. எல்லாரும் எண்ணுறதுதான். கிளெம் ஒருத்தன்தான் எண்ணினதே இல்ல. நம்ம நாலு பேர்ல முதல் ஆளாப் போய் நின்னுக்குவான், ஒன்னுன்னு சொல்லிட்டு.”

மன்னிப்பு இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று ஹெக்டர் நினைக்கவில்லை. அதை வாங்கி வைத்துக்கொள்ள அவனுக்குள் இடமும் இல்லை. அவன் சொல்ல வேண்டியது வேறு, அது நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. யாரை வேண்டுமானாலும் என்றேன். அதை வில்ஃபிடம் சொன்னால் வில்ஃப் ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டும், அந்தக் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் சுமக்க வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் சுமக்க வேண்டியதில்லை, இவன் ஒருவனைத் தவிர. வில்ஃப் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குதிரையை இன்னும் கொஞ்சம் கிட்டே ஓட்டினான்.

“இன்னும் ஏதாவது இருக்காடா?” என்று கேட்டான்.

“இல்ல,” என்றான் ஹெக்டர்.